கோலம்தானே, போட்டுக்கோ

உட்லண்ட்ஸ்
13 அக்டோபர் 2025

அக்கா,

நலம் விசாரிப்பதைத் தாண்டிவிடுகிறேன். நீ நன்றாகத்தான் இருக்கிறாய், நேற்று பூங்காவில் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். போனும் எடுப்பதில்லை. "சொல்ல ஏதாவது இருந்தா உட்கார்ந்து தமிழ்ல எழுதி அனுப்பு, நீ இங்கிலீஷ்ல பேசினா ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாய். சரி, எழுதுகிறேன். தமிழில் எழுத எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.

விஷயம் இதுதான். சுண்ணாம்புக் கம்பத்துப் பூங்காவில், தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி எங்கள் கம்பெனி போட்ட தரை சாதாரணத் தரை இல்லை. மணல் சேர்க்காமல் ஜல்லியையும் சிமெண்டையும் மட்டும் கலந்து போட்டது. கடலை மிட்டாயை உடைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி உள்ளே முழுக்க இடைவெளி. மழை விழுந்தால் அதன் வழியாக இறங்கி, கீழே இருக்கும் ஜல்லிப் படுகையில் தங்கி, மெதுவாக வேருக்குப் போகும். மரத்துக்குத் தண்ணீரும் காற்றும் கிடைப்பது அந்த ஓட்டைகளால்தான். நான்தான் அதை வடிவமைத்தேன். உனக்கே தெரியும்.

அதன் மேல், பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் உன் குழு, கோலம் என்று பிரைமர் அடித்திருக்கிறது. அதன் மேல் கலர். அதன் மேல் பளபளப்புக்கு ஒரு மேல்பூச்சு. இப்போது அது தரை இல்லை, மூடி. நவம்பரில் பருவமழை வந்தால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் கொசு. உன் பிளாக் அங்கிருந்து கல்லெறி தூரம்.

சுரண்டி எடுக்க வேண்டும். மழைக்கு முன்னால்.

கோபப்பட வேண்டும் என்றால் படு. ஆனால் முதலில் சுரண்டு.

தம்பி
ஸ்ரீராம்


சுண்ணாம்புக் கம்பம்
15 அக்டோபர் 2025

அன்புள்ள ஸ்ரீராமுக்கு,

'அன்புள்ள' என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவைக்கிறேன்.

நீ எழுதியிருப்பது சரியா தப்பா என்பதற்கு அப்புறம் வருகிறேன். நீ செய்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. திறப்பு விழா. விருந்தினர் வந்திருக்கிறார். எங்கள் பிளாக் ஆட்கள், கடைக்காரர்கள், துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து ஞாயிறு லீவை விட்டுவிட்டு வந்த பையன்கள், எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு பூவாகப் போட்ட கோலம். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நடுவிலிருந்த தாமரையின் மேல் ஊற்றினாய். "பாருங்க, இறங்குதா? இறங்கல. எப்படி இறங்கும்?" என்று விருந்தினரிடமே கேட்டாய்.

ஒன்பதாம் மாடிச் சீனப் பெரியவர் அது ஏதோ சடங்கு என்று நினைத்துக் கைதட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதனால் கத்தினேன்.

இப்போது உன் மூடிக்கு வருகிறேன். மார்ச் மாதம் உன்னிடம் கேட்டேனா இல்லையா? மரத்தைச் சுற்றிப் பெரிய கோலம் போடலாமா என்று கேட்டேன். உன் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "கோலம்தானே, போட்டுக்கோ. தரைக்கு ஒண்ணும் ஆகாது." தரையைப் போட்ட பொறியாளரே சொல்லிவிட்டார் என்ற தைரியத்தில்தான் பூங்கா அலுவலகத்தில் போய் நின்றேன். அவர்களும் அதை நம்பித்தான் அனுமதி கொடுத்தார்கள்.

அந்த அலுவலகத்துக்கு நான் எத்தனை நடை நடந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. கால்வாய்ப் பக்கத்துச் செடிப் பாத்திகள், இலைக்குப்பையை உரமாக்கும் தொட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம், எல்லாம் நாங்கள் ஒழுங்காக நடந்துகொள்வோம் என்ற நம்பிக்கையில் கொடுத்தது. கோலத்தில் தப்பு என்று ஒரு பேச்சு வந்தால் பூங்காவையே எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். பாலர் பள்ளியில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவளுக்கு அந்தப் பூங்காதான் மூச்சு. அதை உன் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய்விடும் போலிருக்கிறது.

சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். இதுவும் கைப்பழக்கம்தான்.

வித்யா


உட்லண்ட்ஸ்
17 அக்டோபர் 2025

அக்கா,

அந்தச் செய்தி நான் அனுப்பியதுதான். மறுக்கவில்லை. ஆனால் நீ கேட்டது கோலம். நான் சரி சொன்னதும் கோலத்துக்கு. கோலம் என்றால் மாவு. இல்லாவிட்டால் சாக்கட்டி. போட்டால் மழையில் போய்விடும், இல்லை எறும்பு தின்றுவிடும். கோலம் எப்போதிலிருந்து டின்னில் வர ஆரம்பித்தது? பெயிண்ட் அடிப்பதற்குத் தமிழில் வேறு வார்த்தை இருக்கிறது. பெயிண்ட் அடிப்பது.

விருந்தினர் முன்னால் தண்ணீர் ஊற்றியதைப் பற்றி: தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நாள் தப்பாக இருந்திருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது கவனமாகப் படி. அந்தத் தரைக்கு ஓராண்டுப் பராமரிப்பு எங்கள் கம்பெனியுடையது. நவம்பரில் நீர் சோதனை செய்து பூங்கா அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேண்டியவன் நான். தண்ணீர் இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை என்றுதான் எழுதுவேன். ஏன் இறங்கவில்லை என்றும் எழுதுவேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

ஆகவே ஒரு வழி சொல்கிறேன். தீபாவளி முடிந்ததும் நீங்களே அகற்றிவிடுங்கள். மெஷின் நான் கொண்டுவருகிறேன். நானும் வந்து நிற்கிறேன். சோதனை நாளில் தண்ணீர் இறங்கும், எழுத ஒன்றும் இருக்காது, பூங்கா உங்களிடமே இருக்கும்.

இதைவிட நல்ல வழி என்னிடம் இல்லை.

ஸ்ரீராம்


சுண்ணாம்புக் கம்பம்
22 அக்டோபர் 2025

ஸ்ரீராம்,

தீபாவளிக்கு நீ வரவில்லை. இலை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அத்தான் இரண்டு தடவை வாசலுக்குப் போய் லிஃப்ட் சத்தம் கேட்டுவிட்டு வந்தார். எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக வந்திருக்கலாம்.

உன் தமிழ் விளக்கம் படித்தேன். கோலம் என்றால் மாவாம். நீ பிறந்தது தஞ்சோங் பகார் அடுக்குமாடி. வளர்ந்தது உட்லண்ட்ஸ் அடுக்குமாடி. நம் வீட்டு வாசலில் நீ கண்ட கோலம் எல்லாம் அம்மா சிராங்கூன் ரோட்டில் வாங்கி ஒட்டிய ஸ்டிக்கர். ஓரம் பிய்ந்தால் அதற்கு மேலேயே புதுசு ஒட்டுவார். காரிடாரில் மாவு போட்டால் எறும்பு வருகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்காக அம்மா விட்டது அது. நமக்குத் தெரிந்த கோலம் அழியாத கோலம்தான், தம்பி. நீ எந்த ஊர்க் கோலத்தை மனசில் வைத்துக்கொண்டு எனக்குப் பதில் அனுப்பினாய்?

அகற்றச் சொல்கிறாய். யாரிடம் போய்ச் சொல்வேன்? சம்சுன்னிசா ஆன்ட்டி முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து பூப் போட்டார். சின்னராசு என்று அந்த துவாஸ் பையன், கோடு முழுவதும் அவன் கைதான். முட்டியில் அட்டை கட்டிக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை நகர்ந்து நகர்ந்து இழுத்தான். தீபாவளி விளக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இப்போது பூங்காவுக்கும் வருகிறார்கள். இதற்கு முன்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போனவர்கள்தான் உண்டு, நின்றவர்கள் இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் நல்ல மழை. தண்ணீர் நின்றது உண்மைதான். துடைப்பத்தால் தள்ளிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. பொங்கல்வரை விடு. அதுவரை நாங்களே தள்ளிக்கொள்கிறோம். அப்புறம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

வித்யா


உட்லண்ட்ஸ்
9 நவம்பர் 2025

அக்கா,

துடைப்பத்தால் எங்கே தள்ளினீர்கள்? செடிப் பாத்திக்குத்தானே? அங்கே ரம்பைச் செடியெல்லாம் வேர் அழுகிக் கிடக்கிறது, போய்ப் பார். மழை துடைப்பத்துக்குக் காத்திருக்காது. ராத்திரி பெய்யும், நீ பள்ளியில் இருக்கும்போது பெய்யும்.

இன்று சோதனை செய்தேன். நீ பள்ளிப் பிள்ளைகளோடு வெளியே போயிருந்தாய் என்று பிறகு தெரிந்தது. நல்லதாகப் போயிற்று. ஆனால் சம்சுன்னிசா ஆன்ட்டி இருந்தார். இரும்பு வளையத்தைத் தரையில் வைத்ததும் எங்கிருந்தோ வந்துவிட்டார்.

"என்ன தம்பி, மறுபடியும் தண்ணியா?"

"சோதனை ஆன்ட்டி. இந்த வளையத்துக்குள்ள ஊத்தி, இறங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும்."

"என் பூ மேலதான் ஊத்தணுமா?"

"எது உங்க பூ?"

"அந்த ஊதாப் பூ. இதழ் கோணலா இருக்குல்ல, அதான். கோணலா இருந்தாலே என்னுது லா."

வளையத்தை நகர்த்தினேன். அது அவருடைய தங்கை போட்டதாம். இன்னும் நகர்த்தினேன். அது ஒன்பதாம் மாடிச் சீனப் பெரியவருடையதாம், அவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், ஆள் இல்லாத நேரத்தில் அவர் பூவில் கை வைக்கக் கூடாதாம். ஆளில்லாத பூ ஒன்று காட்டுங்கள் என்றேன். பிளாக்குக்குள்ளே போய் வெங்காயத்தோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து என் வளையத்தின் மேல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரம் உட்காருவீங்க ஆன்ட்டி?"

"வெங்காயம் தீர்ற வரைக்கும். மேல வீட்டுல இன்னும் ஒரு மூட்டை இருக்கு."

என்னிடம் இன்னொரு வளையம் இருந்தது. ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அவரும் உரித்துக்கொண்டே அதைப் பார்த்தார். கிளம்பும்போது, "அக்காவ அழ வைக்காத தம்பி" என்றார்.

உன்னைப் பயமுறுத்த மாட்டேன். மரம் இந்த மழையில் சாகாது. இரண்டு மூன்று மழைக்காலம் எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் போகும். கொசு அவ்வளவு காத்திருக்காது.

இந்த வாரம் அறிக்கை கொடுக்க வேண்டும். பெயிண்டால் அடைபட்டிருக்கிறது, அகற்ற வேண்டும் என்று எழுதுவேன். மார்ச்சில் குழுத் தலைவி என்னிடம் கேட்டார், நான் சரி சொன்னேன் என்பதையும் எழுதுவேன். நடந்தது அதுதான்.

ஸ்ரீராம்


சுண்ணாம்புக் கம்பம்
11 நவம்பர் 2025

என் தம்பி ஸ்ரீராமுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ சரி சொன்னதை எழுதாதே. கம்பெனியைக் கேட்காமல், போனில் ஒரு வரியில் சரி சொன்னேன் என்று நீயே எழுதிக் கொடுத்தால் அவர்கள் உன்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருக்கிறாய், ஒரு முதலாளியின் முகத்துக்கு நேரே 'இது முட்டாள்தனம்' என்று சொன்னதற்கு. துவாஸ் வேலையின் முழுப் பொறுப்பும் ஜனவரியில் உன் கைக்கு வருகிறது என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறாய். எனக்குச் சொல்லவில்லை, அதுவும் தெரியும்.

பெயிண்டைப் பற்றி எழுது. அகற்றச் சொல்லி எழுது. அதை இனிமேல் தடுக்க மாட்டேன். ரம்பையைப் போய்ப் பார்த்தேன். பிடுங்கினால் வேர் கையோடு கூழாக வருகிறது.

ஆனால் உன் பெயரை இதில் இழுக்காதே. வெள்ளிக்கிழமைவரை அறிக்கையை அனுப்பாமல் பொறு. அதற்குள் நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே.

ஒரு தடவை, ஒரே தடவை, நான் சொல்வதைக் கேள்.

அக்கா


உட்லண்ட்ஸ்
20 நவம்பர் 2025

அக்கா,

வெள்ளிவரை பொறு என்றாய். பொறுத்தேன். எனக்குப் பொறுத்துப் பழக்கமில்லை, அப்படிப் பொறுத்த நாட்களை நீ இதற்கா பயன்படுத்துவாய்?

அறிக்கையைச் சனிக்கிழமை அனுப்பினேன். திங்கட்கிழமை பூங்கா அலுவலகத்திலிருந்து அழைப்பு. என் அறிக்கையும் குழுத் தலைவியின் கடிதமும் ஒத்துப்போகவில்லையாம். என்ன கடிதம் என்றேன். படித்துக் காட்டினார்கள். "நாங்கள் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. பொறியாளர் சம்மதித்ததாக அனுமதி விண்ணப்பத்தில் நான் எழுதியது உண்மையல்ல. முழுப் பொறுப்பும் என்னுடையது." கீழே உன் கையெழுத்து.

உன்னைத் தலைவி பதவியிலிருந்து நீக்க அதுவே போதும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கோலத்தைப் பற்றி என்னைக் கேட்டாய், இதைக் கேட்கவில்லை.

இரண்டில் ஒன்று பொய் என்றார்கள். எதற்கு ஆதாரம் இருக்கிறது என்றார்கள். மார்ச் மாதத்துச் செய்தியை என் போனிலிருந்து எடுத்து அனுப்பினேன்.

அப்புறம்தான் வேடிக்கை. செய்தி தமிழில் இருந்தது. அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மற்ற வார்த்தைகளுக்கு ஆள் வைத்து அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். கோலம் என்றால் என்ன, நீங்கள் எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள், ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

ஒரு வரி. உட்கார்ந்து பார்த்தேன். மாவால் போடுவது என்று எழுதினால், மாவுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு நீ பெயிண்ட் அடித்ததாக ஆகும். தரையில் வரையும் ஓவியம் என்று எழுதினால், நான் பெயிண்டுக்கே சரி சொன்னதாக ஆகும். எப்படி எழுதினாலும் நம்மில் ஒருவர் மாட்டுகிறோம். பாலம் கட்டுகிற கணக்குக்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை எனக்கு.

தரையில் வரையும் ஓவியம் என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய் இல்லை.

கம்பெனியில் இரண்டாவது எச்சரிக்கை. துவாஸ் பொறுப்பு வேறொருவருக்குப் போகிறது. அகற்றும் வேலையைக் கம்பெனியே செய்யும். பூங்கா உங்கள் குழுவிடமே இருக்கும், அதை எழுத்தில் வாங்கிவிட்டேன். உன் பொய்க் கடிதத்தை என்ன செய்வார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

இன்று மதியம் துவாஸ் வேலையிடத்துக் கேன்டீனில் உன் சின்னராசுவைப் பார்த்தேன். அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தக் கோலத்தின் படத்தை ஊருக்கு அனுப்பினானாம், அவன் மனைவி அதைத்தான் போனில் முகப்பாக வைத்திருக்கிறாளாம்.

"அழிச்சிருவாங்களா சார்?"

"ஆமா."

"எப்ப சார்?"

"இந்த மாசக் கடைசியில."

சோற்றைப் பிசைந்தான். "அவகிட்ட சொல்ல வேணாம் சார், படத்துல இருக்கட்டும்" என்றான். நான் சரி என்றேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

ஸ்ரீராம்


சுண்ணாம்புக் கம்பம்
3 டிசம்பர் 2025

ஸ்ரீராம்,

பூங்கா அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். என் கடிதம் மேசையில் ஒரு பக்கம், உன் போன் செய்தி இன்னொரு பக்கம். "ஏன் பொய் எழுதினீர்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. பொறியாளர் என் தம்பி என்றேன். எதிரே இருந்த இரண்டு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமாம். நமக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை, இல்லையா?

கோலத்துக்காக என்னை நீக்கவில்லை. பொய்க்காக நீக்கினார்கள். சம்சுன்னிசா ஆன்ட்டிதான் இப்போது தலைவி. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாளே விசில் வாங்கிவிட்டார்.

நான் உனக்காகச் சொன்ன பொய்யை நீயே பொய் என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டாய். உன் பொறுப்பும் போயிற்று, என் இடமும் போயிற்று. நீ பேசாமல் இருந்திருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும். பேசாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமா உனக்கு?

ஞாயிற்றுக்கிழமை மெஷின் வந்தது. நான் போகவே கூடாது என்று இருந்தேன், போனேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததில் கலர் எல்லாம் கலங்கி ஒரே சேறாக ஓடியது. கம்பெனி ஆட்கள் துணி கட்டிப் பிடித்தார்கள், கால்வாய்க்குள் போகக் கூடாது என்று. சம்சுன்னிசா ஆன்ட்டியின் ஊதாப் பூ மட்டும் லேசில் போகவில்லை. அவ்வளவு கனமாக அடித்திருக்கிறார். மெஷின்காரர் அதன் மேலேயே நின்றார். "விடாம அடி தம்பி, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி திரும்பி நின்றுகொண்டார். சீனப் பெரியவரை அவர் மகள் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தாள். அவர் தன் பூ இருந்த இடத்தைக் காட்டி என்னவோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை, அவளும் மொழிபெயர்க்கவில்லை.

சாயங்காலம் மழை. குடையோடு போய் நின்று பார்த்தேன். விழுந்தது, காணவில்லை. சத்தம்கூட இல்லை. தரை அப்படியே குடித்துக்கொண்டிருந்தது.

நீ சொன்னது சரி. முதல் நாளிலிருந்தே சரி. அதனால்தான் உன்னை மன்னிக்க இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. தப்பாகச் சொல்லியிருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன்.

கொஞ்ச காலத்துக்கு எழுதாதே. வீட்டுக்கும் வராதே. அத்தான் கேட்டால் வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

வித்யா


உட்லண்ட்ஸ்
14 டிசம்பர் 2025

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். தெரியாமல் நடந்தது என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது, அதற்காக மட்டும். இதற்குப் பதில் வேண்டாம்.

வீட்டுக்கு வராதே என்று சொன்னாய், வரவில்லை. பூங்காவுக்கு வராதே என்று சொல்லவில்லை. இன்று நீ வராத ஞாயிறு என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன். சம்சுன்னிசா ஆன்ட்டி கழுத்தில் விசிலோடு உரத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைத்தான் பார்த்தார்.

"வளையம் எங்க?"

"கொண்டு வரல ஆன்ட்டி. குழுவுல சேரலாம்னு வந்தேன்."

"நீயா?"

"உங்க விதியில தடை இருக்கா?"

"விதி நேத்துதான் எழுத ஆரம்பிச்சேன், தடை போட இன்னும் நேரம் இருக்கு." குச்சியைத் தொட்டியில் சாய்த்துவிட்டு வந்தார். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எழுதப் போறேன்."

"பேசினா என்னவாம்?"

"பேச மாட்டா."

"அது சரி. களை புடுங்கத் தெரியுமா?"

"தெரியாது."

"இஞ்சினியருக்கு என்னதான் லா தெரியும்?"

"தண்ணி எங்க போகும்னு தெரியும்."

"அது தண்ணிக்கே தெரியும் தம்பி."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டு, கால்வாய்ப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். ரம்பை அழுகிய பாத்தியில் புதுசாக என்னென்னவோ நட்டிருக்கிறீர்கள். அந்தப் பாத்தி உன்னுடையது என்றும், ஒருத்தி மட்டும் குனிந்து குனிந்து முதுகு போகிறது என்றும், அடுத்த ஞாயிற்றிலிருந்து அதில் என்னைப் போடுகிறேன் என்றும் சொன்னார். வேறு பாத்தி இல்லையா என்று கேட்டேன். நான் தலைவி, கேள்வி கேட்காதே என்றார். அவருக்கு உன்னிடமிருந்துதான் இந்தக் குரல் வந்திருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த ஞாயிறு காலை நான் அங்கே இருப்பேன். நீ பேச வேண்டியதில்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை, அதற்கு எவ்வளவு காலம் ஆகுமோ ஆகட்டும். நான் செய்தது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. நீ செய்தது எதற்காக என்று மட்டும் இப்போது தெரிகிறது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எது செடி, எது களை என்று எனக்குப் பார்த்தால் தெரியாது. இரண்டும் பச்சையாக இருக்கிறது. பக்கத்தில் நீ இல்லாவிட்டால் உன் கற்பூரவல்லியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவேன். மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

தம்பி
ஸ்ரீராம்